கொடிக்கம்பத்தை வாக்காளர் கையில் கொடுக்கலாமா?

திருகோணமலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: "அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் அடிமைமுறைக் காலத்துக் கொடியைச் சனம் வாக்களித்தே இறக்கியது. எங்கள் ஊரிலும் அப்படிச் செய்தால் என்ன? அரசாங்கக் கட்டடங்களில் தேசியக் கொடியோடு நந்திக்கொடியும் பறக்கலாமா என்று மக்களிடமே கேட்போம். பெரும்பான்மை சொன்னபடி நடக்கட்டும். இதைவிட ஜனநாயகம் வேறு உண்டா?"

நந்திக்கொடி, அதாவது படுத்திருக்கும் காளை பொறித்த சைவக் கொடி, நல்லதா கெட்டதா என்று அவர் கேட்கவில்லை. ஒரு பகுதிச் சனம் பெருமையோடும் இன்னொரு பகுதி சந்தேகத்தோடும் பார்க்கிற ஒரு பழைய கொடியை, எல்லோருடைய வரிப்பணத்திலும் நிற்கிற கட்டடத்தில் ஏற்றுவதா இல்லையா என்பதைத் தலை எண்ணித் தீர்க்கலாமா என்றுதான் கேட்கிறார். அதற்குள் ஒரு சட்டக் கேள்வியும் ஒளிந்திருக்கிறது: அப்படி ஒரு வாக்கெடுப்பை இங்கே யார் வைக்க முடியும்?

நான் சட்டத்தரணி அல்ல. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இலிகிதராகச் சேர்ந்து, நிருவாக வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். தேர்தல் கடமைக்கு வாக்குப்பெட்டியோடு மூதூர்ப் பக்கமும் கந்தளாய்ப் பக்கமும் போய் வந்த ஆள். ஆகவே வாக்கெடுப்பு எப்படி நடக்கும், எங்கே சறுக்கும் என்பதில் எனக்குக் கொஞ்சம் உறுதி உண்டு. அரசியலமைப்பைப் பற்றி நான் சொல்வதில் எது எழுதியிருக்கிறது, எது என் வாசிப்பு என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் மிசிசிப்பிக் கதையைத் திருத்திக்கொள்வோம், ஏனென்றால் கேள்வி முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. அங்கே சனம் வாக்களித்து அந்தக் கொடியை இறக்கவில்லை. வாக்களித்து வைத்துக்கொண்டது. 1894 இல் மாநிலக் கொடியின் மூலையில், அடிமைமுறையைக் காக்கப் பிரிந்து போய்ப் போரிட்ட தென்மாநிலங்களின் போர்க்கொடியைச் சேர்த்தார்கள். அதற்கு நாலு வருஷம் முந்தி, 1890 இல், புதிய மாநில அரசியலமைப்பு ஒன்றை எழுதி, தலைவரி, வாசிப்புச் சோதனை என்று சுற்றிவளைத்துக் கறுப்பின மக்களின் வாக்கைப் பறித்திருந்தார்கள். அந்த நாளில் மிசிசிப்பியில் கறுப்பினத்தவர்தான் பெரும்பான்மை. அதாவது கொடியைத் தெரிவு செய்த சபைக்கு யார் போவது என்பதில் பெரும்பான்மைச் சனத்துக்குச் சொல்லே இல்லாமல் போயிருந்தது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், 1906 இல் சட்டங்களைத் தொகுத்தபோது கொடிச் சட்டம் விடுபட்டுப் போய்விட்டது. 2000 ஆம் ஆண்டில் மாநில உச்ச நீதிமன்றம்தான் அதைக் கண்டு சொன்னது. கிட்டத்தட்ட நூறு வருஷம் சட்டமில்லாமலேயே அந்தக் கொடி பறந்திருக்கிறது.

நீதிமன்றம் அப்படிச் சொன்ன பிறகு, 2001 ஏப்ரலில் மக்களிடம் விட்டார்கள். பழைய கொடியா, அந்தச் சின்னம் இல்லாத புதிய கொடியா என்று நேருக்கு நேரான கேள்வி. ஏறத்தாழ 64 வீதம் பழைய கொடிக்கே விழுந்தது. வாக்குகள் பெரும்பாலும் நிறத்தின்படியே பிரிந்தன. மாநிலத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இருந்த கறுப்பினச் சனம் அந்தக் கொடியைப் பார்த்து என்ன நினைக்கும் என்பது மற்றவர்களுக்கு அப்போதும் தெரியும். ஆனால் எண்ணிக்கை இருந்தது, கொடி நின்றது. அதற்குப் பிறகு பல்கலைக்கழகங்களும் சில நகரங்களும் தாங்களாகவே அதை இறக்கத் தொடங்கின. 2016 ஆம் ஆண்டளவில் மாநிலத்தின் எட்டு அரச பல்கலைக்கழகங்களிலும் அது இல்லை. கடைசியில் 2020 ஜூனில், ஜோர்ஜ் ஃபுளொய்ட் என்ற கறுப்பினத்தவர் பொலிஸ் கையில் கொல்லப்பட்டதற்குப் பிந்திய கொந்தளிப்பிலும், விளையாட்டுச் சங்கங்களும் திருச்சபைகளும் வணிகர்களும் கொடுத்த நெருக்கடியிலும், மாநிலச் சட்டசபை தானே சட்டம் போட்டு அதை நீக்கியது. கீழ்ச்சபையில் 91க்கு 23, மேற்சபையில் 37க்கு 14. நவம்பரில் மக்களிடம் போனது வேறு கேள்வி. ஆணைக்குழு ஒன்று தேர்ந்தெடுத்த மக்னோலியாப் பூக் கொடி வேண்டுமா, வேண்டாமா என்பது மட்டும். பத்தில் ஏழு பேருக்கு மேல் வேண்டும் என்றார்கள். பழைய கொடி வாக்குச்சீட்டிலேயே இல்லை. புதியதைத் தோற்கடித்தாலும் பழையது திரும்பி வராது, இன்னொரு புதியது வரும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

மற்றத் தென்மாநிலங்களையும் பாருங்கள். ஜோர்ஜியாவில் 2004 இல் வாக்கெடுப்பு நடந்தது. அங்கும் 1956 இன் போர்க்கொடிச் சின்னம் கொண்ட கொடியைத் தெரிவுகளில் வைக்கவில்லை. தென் கரோலினாவில் வாக்கெடுப்பே இல்லை. 2015 ஜூனில் சார்ள்ஸ்டனில் கறுப்பினத்தவரின் தேவாலயத்தில் ஒன்பது பேரை வெள்ளை இனவெறியன் ஒருவன் சுட்டுக் கொன்ற பிறகு சட்டசபை கூடி, தன் வளாகத்தில் பறந்த போர்க்கொடியை ஜூலையில் இறக்கிவிட்டது. ஆக, அந்தப் பக்கத்து அனுபவம் தம்பி நினைப்பதற்கு எதிர்த்திசையில்தான் போகிறது. புண்படுகிறவர்கள் சிறுபான்மையாக இருக்கும் இடத்தில், "ஏற்றலாமா" என்று நேரடியாகக் கேட்டால் பெரும்பான்மை தன் பெருமையைத்தான் தெரிவு செய்யும்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். மிசிசிப்பியில் யார் பெரும்பான்மை என்பதிலாவது தெளிவு உண்டு. திருகோணமலையில் அதுவும் இல்லை. 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 40 வீதம், தமிழர் 30 வீதத்துக்குச் சற்று மேல், சிங்களவர் 27 வீதம் அளவில். யாருக்கும் பாதி கிடையாது. ஆனால் கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் எல்லாம் மாறும். நகரத்தை மட்டும் எடுத்தால் தமிழர் அதிகம். கிண்ணியாவை எடுத்தால் ஏறக்குறைய முழுவதும் முஸ்லிம்கள். கந்தளாய், சேருவில, கோமரங்கடவலப் பக்கம் சிங்களவர். மாகாணத்தை எடுத்தால் தமிழர் முதலிடம், ஆனாலும் பாதியில்லை. நாட்டை எடுத்தால் விடை உங்களுக்கே தெரியும். ஆகவே "மக்கள் தீர்மானிக்கட்டும்" என்று சொல்கிறவர் முதலில் எந்த மக்கள் என்று சொல்லியாக வேண்டும். அதைச் சொன்ன நிமிஷமே முடிவும் ஏறத்தாழ வந்துவிடுகிறது. வாக்கெடுப்பு அதற்குப் பிறகு ஒரு சடங்குதான். நகர எல்லைக்குள் நந்திக்கொடிக்கு வாக்கு வைத்தால் வெல்லலாம் என்று தம்பி கணக்குப் போட்டிருப்பார். அதே கணக்கைக் கந்தளாயில் இன்னொரு தம்பி போட்டு, முஸ்லிம்களைக் குறிக்கும் பச்சைக் கோடும் தமிழரைக் குறிக்கும் செம்மஞ்சள் கோடும் இல்லாத தனிச் சிங்கக் கொடிக்கு வாக்கு வைக்கலாம். அந்தக் கொடி கற்பனை அல்ல. ஆர்ப்பாட்டங்களில் தூக்கிப் பார்த்திருக்கிறோம். அன்றைக்கு எங்கள் வாதம் என்னவாக இருக்கும்?

இந்தக் கோடு போடுகிற விவகாரம் இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. 1987 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தில் வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணைந்தன. இணைப்பு நீடிப்பதா என்பதைக் கிழக்கு மாகாண வாக்காளரிடம் மட்டும் கேட்பது, 1988 டிசம்பர் 31க்கு முன் கேட்பது, சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று எழுதினார்கள். தள்ளிவைக்கும் அதிகாரம் ஜனாதிபதிக்கு என்றும் எழுதினார்கள். பிறகென்ன, ஜனாதிபதிமார் மாறி மாறித் தள்ளிவைத்தார்கள். இணைந்த மாகாணத்தின் தலைநகராகத் திருகோணமலை இருந்தது; ஆனால் அந்த வாக்கு எங்கள் கைக்கு வரவே இல்லை. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்பே செல்லாது என்றது. 2007 பிறந்ததும் மாகாணங்கள் பிரிந்தன. அந்த வாக்கெடுப்பு ஏன் நடக்கவில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்: போர், கட்சிக் கணக்கு, இரண்டும். என் அபிப்பிராயம், யார் வாக்காளர் என்பதில் உடன்பாடு இல்லாத இடத்தில் வாக்கெடுப்பை எழுதி வைக்கலாம், நடத்த முடியாது.

சட்டத்துக்கு வருகிறேன். இங்கே உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. 1978 அரசியலமைப்பின் 6 ஆம் உறுப்புரை சிங்கக் கொடியைத் தேசியக் கொடி என்கிறது. 83 ஆம் உறுப்புரை அந்த 6 ஆம் உறுப்புரையைச் சிறப்புப் பூட்டுக்குள் வைத்திருக்கிறது: அதை மாற்றப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு போதாது, நாடு முழுவதும் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். எனவே கொடி விஷயத்தில் வாக்காளரைக் கேட்பது எங்கள் அரசியலமைப்பில் ஏற்கெனவே இருக்கிற சங்கதிதான். ஆனால் அந்தக் கொடி முதலில் வந்தபோது யாரையும் கேட்கவில்லை. 1948 ஜனவரியில் கண்டி அரசனின் சிங்கக் கொடியைச் சுதந்திர இலங்கையின் கொடியாக்க வேண்டும் என்ற பிரேரணையைக் கொண்டுவந்தவர் மட்டக்களப்புப் பிரதிநிதி முதலியார் சின்னலெப்பை. பிறகு எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். அதில் ஜீ. ஜீ. பொன்னம்பலமும் ரி. பி. ஜாயாவும் செனட்டர் எஸ். நடேசனும் இருந்தார்கள். பச்சை, செம்மஞ்சள் கோடுகள் அந்தக் குழுவில்தான் வந்தன. நடேசன் அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. 1951 மார்ச்சில் அது தேசியக் கொடியானது. சில பேர் ஒரு மேசையைச் சுற்றி இருந்து முடித்ததைத் திறக்க இன்றைக்கு முழு நாடும் வாக்களிக்க வேண்டும். யாருடைய கொடி முதலில் ஏறிவிட்டதோ அவர்களுக்கு இது வசதி.

நாடளாவிய சர்வசன வாக்கெடுப்பு இதுவரை ஒரே ஒரு தடவைதான் நடந்திருக்கிறது: 1982 டிசம்பர் 22, பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தல் இல்லாமல் ஆறு வருஷம் நீட்டுவதற்கு. ஆம் என்பதற்கு விளக்கு, இல்லை என்பதற்குக் குடம். நிறைகுடத்தையும் குத்துவிளக்கையும் ஒரே வாசலில் சேர்த்து வைக்கிற சனத்திடம் இரண்டில் ஒன்றைக் கேட்டார்கள். விளக்குக்கு 54.66 வீதம். ஆட்சியில் இருந்தவர்களே கேள்வியை எழுதி, நாளைக் குறித்து, நடத்தி, வென்றார்கள். வாக்கெடுப்பு என்றாலே சனத்தின் குரல் என்று நினைக்கிறவர்கள் அந்த வருஷத்தைக் கொஞ்சம் வாசிக்க வேண்டும்.

சரி, தேசியக் கொடியை மாற்றாமல் பக்கத்தில் இன்னொன்றை ஏற்றலாமா? அது 6 ஆம் உறுப்புரையை மாற்றுவதாகாது, ஆகவே 83 தேவைப்படாது என்பது என் வாசிப்பு. ஒரு நீதிமன்றம் வேறு மாதிரியும் சொல்லலாம். தேசியக் கொடிக்குச் சமமாக இன்னொன்றை நிறுத்துவதே மறைமுகமான மாற்றம் என்று வாதாட நல்ல சட்டத்தரணிக்கு இடம் இருக்கிறது. ஆனால் ஒன்றில் சந்தேகமில்லை: ஓர் உள்ளூராட்சி சபை தன் வாக்காளரிடம் கட்டுப்படுத்தும் வாக்கெடுப்பு நடத்த எங்கள் சட்டத்தில் வழி கிடையாது. சபை வைக்கக்கூடியது கருத்துக் கணிப்பு மாதிரி ஒன்றுதான். தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் சின்னங்கள் பற்றி நான் இங்கே பேசவில்லை. அதற்குச் சட்டம் வேறு, விளைவும் வேறு.

வரலாற்று உரிமை என்ற வாதத்தையும் கொஞ்சம் தொட வேண்டும், ஏனென்றால் மனுக்களில் அதைத்தான் எழுதுவார்கள். யாழ்ப்பாண ஆரியச்சக்கரவர்த்திகளின் நாணயங்களில் படுத்திருக்கும் நந்தியும் 'சேது' என்ற எழுத்தும் இருப்பது உறுதி. சைவக் கோயில்களில் இன்றைக்கும் நந்திக்கொடி ஏறுகிறது. ஆனால் திருகோணமலைக் கட்டடங்களில் எந்தப் பழைய கொடிக்கு முதல் உரிமை என்று கேட்டால், பிரட்ரிக் கோட்டை வாசலே குழப்பிவிடும். வாசற்கல்லில் இரட்டை மீன் இருக்கிறது. பாண்டியர் சின்னம் என்பார்கள். 1660 இல் ஆங்கிலக் கப்பலில் வந்த ரொபர்ட் நொக்ஸையும் கூட்டாளிகளையும் மூதூர்ப் பக்கத்துக் கொட்டியாரத்தில் வைத்துப் பிடித்தது கண்டி அரசனின் ஆட்கள். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த கல்லில் கோட்டை கட்டினார்கள். 1639 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள்; அதே வருஷம் ஆகஸ்டில் சஃப்ரென் தலைமையில் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள்; மறுபடி ஒல்லாந்தர், 1795 இல் மறுபடி ஆங்கிலேயர். வரலாற்றைக் காரணம் காட்டினால் கம்பங்கள் போதாது.

ஆனாலும் கொடி வெறும் துணி, விட்டுவிடுங்கள் என்று இந்த ஊரில் யாரும் சொல்ல முடியாது. 1957 பெப்ரவரி 4, சுதந்திர தினத்தன்று, மணிக்கூட்டுக் கோபுரத்தில் கறுப்புக்கொடி கட்ட ஏறிய நடராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2005 மே மாதத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இரவோடு இரவாக ஒரு புத்தர் சிலை வந்தபோது ஊர் எத்தனை நாள் கடையடைத்துக் கிடந்தது என்பது நினைவிருக்கிறவர்களுக்குத் தெரியும். அந்தச் சிலைக்கு அன்று வாக்கெடுப்பு வைத்திருந்தால் தீர்ந்திருக்குமா? நகரத்தில் வைத்தால் ஒரு விடை, நாட்டில் வைத்தால் இன்னொரு விடை. இரண்டிலும் தோற்ற பக்கம் இன்னும் கோபமாக வீடு திரும்பியிருக்கும்.

எதிர்ப்பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். மக்களைக் கேட்காமல் சபை முடிவெடுத்தால் அமைதி வந்துவிடும் என்பதும் இல்லை. 2012 டிசம்பர் 3 அன்று வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரசபை, நகரமண்டபத்தில் தினமும் பறந்த பிரித்தானியக் கொடியை வருஷத்தில் 18 குறித்த நாட்களில் மட்டும் ஏற்றுவதென்று 29க்கு 21 என்ற வாக்கில் தீர்மானித்தது. நடுநிலைக் கட்சி ஒன்று கொண்டுவந்த சமரசம் அது. பார்க்க நியாயமாகவே தெரிகிறது. ஆனாலும் மாதக்கணக்கில் வீதியில் கலவரம், அந்தக் கட்சியின் அலுவலகங்கள் மீது தாக்குதல். இருந்தும் அந்த 18 நாள் முடிவு நிலைத்தது. நியூசிலாந்து 2015, 2016 இல் இரண்டு தடவை வாக்கெடுப்பு வைத்து, ஏறத்தாழ 26 மில்லியன் டொலர் செலவழித்து, 56.6 வீதத்தால் பழைய கொடியையே வைத்துக்கொண்டது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஆனால் அங்கே பிளவு சமூகத்துக்கும் சமூகத்துக்கும் இடையில் இல்லை, ரசனைக்கும் பழக்கத்துக்கும் இடையில்தான். எங்களுக்கு அது அதிகம் உதவாது.

அப்படியென்றால் வாக்காளருக்கு இதில் இடமே இல்லையா? இருக்கிறது என்றே நினைக்கிறேன், ஆனால் கடைசியில். முதலில் மூன்று சமூகப் பிரதிநிதிகளும் உட்கார்ந்து ஒன்றை முடிக்க வேண்டும். எந்தக் கட்டடம், எந்த நாள், எந்தச் சின்னம், எவ்வளவு உயரம் என்ற சின்னச் சின்னச் சங்கதிகளில்தான் உடன்பாடு கிடைக்கும். "ஏற்றலாமா" என்ற பெரிய கேள்வியில் கிடைக்காது. முடித்த பிறகு அந்த ஒரே ஏற்பாட்டைச் சனத்தின் முன் வைக்கலாம். மிசிசிப்பி 2020 இல் செய்தது ஏறத்தாழ இதைத்தான். எங்கள் மாவட்டத்தில் இன்னொரு நிபந்தனையும் போடுவேன்: மொத்தத்தில் பாதி கிடைத்தால் போதாது, நகரம், கிண்ணியா, மூதூர், கந்தளாய் என்று ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் பாதி வேண்டும். இப்படி வைத்தால் எதுவுமே நிறைவேறாது என்பார்கள். உண்மைதான், அநேகமாக நிறைவேறாது. அப்படி நிறைவேறாத ஒரு கொடியைப் பொதுக் கட்டடத்தில் ஏற்ற வேண்டிய அவசியம் என்ன என்பது எனக்கு விளங்கவில்லை. கோயிலில், வீட்டில், திருவிழாத் தெருவில் அதை யாரும் தடுக்கவில்லை. கச்சேரி வாசலுக்குக் காணி உறுதிக்காகவும் பிறப்புச் சான்றிதழுக்காகவும் வருகிறவர், தலைக்கு மேல் பறக்கிறதைப் பார்த்து இது என்னுடைய அலுவலகம்தானா என்று யோசிக்க வேண்டி வந்தால், பெரும்பான்மை வாக்கு அவருக்கு என்ன ஆறுதல்? இதே கேள்வியைத் தேசியக் கொடியைப் பார்த்துத் தமிழர்கள் பல வருஷமாகக் கேட்டு வந்திருக்கிறோம். கேட்ட எங்களுக்கு அது மறந்து போகக் கூடாது.

தம்பி இதோடு விட மாட்டார், மனுக் கொடுக்கத்தான் போகிறார் என்றால் இரண்டு விஷயம். உள்ளூராட்சி சபையிடம் கேட்கலாம், ஆனால் சபையின் சொல் அதன் சொந்தக் கட்டடங்களுக்கு மட்டுமே: நூலகம், சந்தை, நகரமண்டபம் போன்றவை. மாவட்டச் செயலகம், நீதிமன்றம், பொலிஸ் நிலையம் எல்லாம் கொழும்பிலிருந்து வருகிற சுற்றுநிருபப்படிதான் கொடி ஏற்றும். அங்கே சபைத் தீர்மானம் செல்லாது. மற்றது, மனுவை நகரத்துக்குள் மட்டும் சுற்றவிடாமல் கிண்ணியாவுக்கும் கந்தளாய்க்கும் கொண்டு போய்க் கையெழுத்துக் கேளுங்கள். அங்கே போட மறுக்கிறவர்கள் எந்த வசனத்தில் நிற்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். சபைக்குக் கொண்டு போக வேண்டிய மனு, அந்த வசனங்களைத் திருத்திய பிறகு மிஞ்சுவதுதான்.